முப்பது குதிரையும் ஒரு சில்க் போர்டும்

ஆணி ரொம்ப அதிகம்கறதால இந்தப் பக்கம் வந்து நாளாச்சு. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். எங்க டீம்ல பொள்ளாச்சித் தம்பி ஒருத்தன் இருக்கான், அவனாலதான் இந்தப் பதிவு. தங்கமான பையன். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகுது. அஞ்சு மாசம் முன்னாடி ஸ்லாவியா 1.0 எடுத்தான். ஏழு வருஷ இ.எம்.ஐ. வீட்ல அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்து, கோனப்பன அக்ரஹாரா கோயில்ல எலுமிச்சம்பழம் நசுக்கி, எனக்கு மைசூர்பாகு கொடுத்து எல்லாம் முறையா செஞ்சான்.

போன வாரம் கேன்டீன்ல பக்கத்துல வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான். "ஏனுங்ண்ணா, வண்டிக்கு ஸ்டேஜ் ஒன் பண்ணிப்போடலாம்னு இருக்கேனுங்ண்ணா. 115 குதிரை 145 ஆயிருமாமுங்க. முப்பத்தஞ்சாயிரந்தான் ஆகுமாமுங்க. பண்ணிரலாமுங்களா?"

வேணாம் தம்பின்னு சொன்னேன். ஏன்னு கேட்டான். ஒரு மணி நேரம் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினான். கடைசியில "இல்லீங்ண்ணா, நீங்க பழைய ஆளுங்க" அப்படின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். பழைய ஆளாம்! அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன். அவனுக்கு மட்டும் இல்லை. நம்ம எலெக்ட்ரானிக் சிட்டியில பொட்டி தட்டற பசங்கள்ல பத்துக்கு ரெண்டு பேர் இதே யோசனையில இருக்காங்க. பேஸ்மென்ட் பார்க்கிங்ல காலையில ஒரு 'பட பட பட' சத்தம் கேட்டாலே தெரிஞ்சிரும், இன்னொருத்தன் விழுந்துட்டான்னு.

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இப்ப வர்ற வண்டியில எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சணும், எப்பப் பொறி தட்டணும், டர்போ எவ்வளவு காத்தை அமுக்கணும்கறதை எல்லாம் முடிவு பண்றது இ.சி.யு.ங்கற சின்னப் பொட்டி. அதுக்குள்ள அட்டவணை அட்டவணையா எண்கள் இருக்கும். அந்த எண்களை மாத்தி எழுதறதுதான் ரீமேப். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கு, அதுல லேப்டாப்பைச் சொருகி அரை மணி நேரத்துல முடிச்சிருவாங்க. இதுக்குப் பேர் ஸ்டேஜ் ஒன். சைலன்சர், டவுன்பைப் எல்லாம் மாத்தினா ஸ்டேஜ் டூ. டர்போவையே மாத்தினா ஸ்டேஜ் த்ரீ. அதுக்கு மேல ஸ்டேஜ் இருக்கான்னு தெரியலை, அதுக்குள்ள லோன் லிமிட் தீர்ந்துரும்.

நேர்மையா ஒண்ணை முதல்லயே ஒத்துக்கறேன். டர்போ வண்டியில இது வேலை செய்யும். பொய் இல்லை. டர்போ கொஞ்சம் கூடுதலா காத்தை அமுக்கினா இருபது, இருபத்தஞ்சு சதவீதம் பவர் கூடத்தான் செய்யும். டர்போ இல்லாத சாதா பெட்ரோல் எஞ்சின்ல அஞ்சு சதவீதம் தேறினா அதிகம். அந்த வண்டிக்கு ரீமேப், ஏர் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட்னு செலவு பண்றவங்களைப் பத்திப் பேசறதுல பிரயோஜனம் இல்லை. அவங்க சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கறாங்க. வாங்கட்டும்.

என் சண்டை டர்போ ஆளுங்களோடதான். அந்த முப்பது குதிரையை வாங்கி எங்கப்பா கட்டி மேய்க்கப் போறீங்க?

ஒரு கணக்குப் போடுவோம், சயின்ஸ் படிச்சவங்கதானே எல்லாரும். 1,250 கிலோ எடையில ஒரு செடான். சமதளத்துல சீரா 100 கிலோமீட்டர் வேகத்துல ஓட, காத்தைக் கிழிக்கவும் டயர் உருளவும் சேர்த்து எவ்வளவு பவர் வேணும் தெரியுமா? பதினாறு, பதினேழு குதிரை. 60-ல போக அஞ்சாறு குதிரை போதும். 25-ல ஊர்ந்து போக ஒண்ணரை குதிரை. ஒண்ணரை! நம்ம ஊர் மொபெட்டை விடக் குறைச்சல். மிச்சம் எல்லாம் வேகம் எடுக்கவும், மேடு ஏறவும், ஏ.சி.க்கும்தான்.

இப்ப டாம்டாம்காரங்க 2022-ஆம் வருஷத்துக்குக் கொடுத்த கணக்கைப் பாருங்க. பெங்களூரு நகர மையத்துல 10 கிலோமீட்டர் போக சராசரியா 29 நிமிஷம் 10 செகண்ட். அதாவது மணிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். லண்டனுக்கு அடுத்து உலகத்துலயே ரெண்டாவது மந்தமான ஊர்னு அந்த வருஷம் பேர் வாங்கினோம். 115 குதிரையில 113 குதிரை லாயத்துல படுத்துத் தூங்குது. இன்னும் முப்பது வாங்கிக் கட்டறேன்கறான் தம்பி.

இல்லீங்ண்ணா, ட்ராஃபிக்ல சந்து கிடைச்சா சட்டுனு பாயணும்ல, அதுக்குத்தாங்க, அப்படின்னான். இது கேக்க நியாயமா இருக்கும். ஆனா சில்க் போர்டுல நீங்க இருக்கறது முதல் கியர், ரெண்டாம் கியர், ஆயிரத்துல இருந்து ஆயிரத்து ஐநூறு ஆர்.பி.எம். அந்த இடத்துல எக்ஸாஸ்ட் காத்துக்குச் சின்ன எஞ்சினோட டர்போவைச் சுத்தற தெம்பே இருக்காது. டர்போ முழிக்கிறதுக்கு முன்னாடி இருக்கற எஞ்சின் ரீமேப்புக்கு முன்னாடியும் அதேதான், பின்னாடியும் அதேதான். முப்பது குதிரையும் மேல, நாலாயிரம் அஞ்சாயிரம் ஆர்.பி.எம்.ல உட்கார்ந்திருக்கு. அங்க போய் அதைச் சந்திக்கறதுக்குள்ள முன்னாடி இருக்கற பி.எம்.டி.சி. பஸ்ஸோட பின்பக்கம் வந்துரும்.

அப்புறம் எப்படி ரீமேப் போட்ட உடனே வண்டி 'துள்ளுது'ன்னு எல்லாரும் சொல்றாங்க? பெரும்பாலும் ஆக்ஸிலரேட்டர் பெடல் வித்தைதான் அது. இப்ப வயர் இழுக்கற பெடல் கிடையாது, எல்லாம் எலெக்ட்ரானிக். முன்னாடி கால் பங்கு மிதிச்சா கால் பங்கு திறந்ததை, இப்ப கால் பங்கு மிதிச்சாலே பாதி திறக்கற மாதிரி எண்ணை மாத்தி வெச்சிருப்பாங்க. கூடுதலா ஒரு குதிரையும் வரலை, உங்க கால் மிதிக்க வேண்டிய மிதியை அவன் மிதிக்கறான். நீங்களே இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிச்சுப் பாருங்க, முப்பத்தஞ்சாயிரம் மிச்சம்.

சரி, எக்ஸ்பிரஸ்வே? 2010 ஜனவரியில திறந்த நம்ம மேம்பாலம், சில்க் போர்டுல இருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். 80-ல போனா ஏழரை நிமிஷம். 100-ல போனா ஆறு நிமிஷம். ஒண்ணரை நிமிஷம் மிச்சம் பிடிச்சு வேகமா போய், இறங்கற இடத்துல இருக்கற க்யூவுல அந்த ஒண்ணரை நிமிஷத்தையும் சேர்த்து நிப்போம். இதுல இன்னொரு கூத்து. 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் மெட்ரோ ஆர்.வி. ரோட்டுல இருந்து பொம்மசந்திரா வரைக்கும் ஓட ஆரம்பிச்சதுல இருந்து தம்பியே வாரத்துல மூணு நாள் ரயில்லதான் வர்றான். வண்டி அப்பார்ட்மென்ட்ல தூசி பிடிச்சுக் கிடக்கு. நிக்கற வண்டிக்கு முப்பது குதிரை.

டைனோ பேப்பரைக் காட்டினான் அடுத்து. அந்தக் கடையில வேற யாரோ வண்டிக்கு எடுத்த கிராஃப், வாட்ஸப்ல வந்தது. சிவப்புக் கோடு மேல, நீலக் கோடு கீழ. எண்ணைப் பார்த்தா உடனே நம்பிடுவோம், நம்ம ஜாதகமே அப்படி. ஆனா பெங்களூருல இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. இந்த ஊர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல. காத்தழுத்தம் சென்னையை விடச் சுமார் பத்து சதவீதம் குறைச்சல். டர்போ இல்லாத எஞ்சின் இங்க வந்தா அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். அதனால டைனோவுல ஒரு 'திருத்தம்' போடுவாங்க: கடல் மட்டத்துல இருந்தா எவ்வளவு வரும்னு எண்ணைக் கூட்டிக் காட்டறது. சாதா எஞ்சினுக்கு அது நியாயம். டர்போ வண்டி என்ன பண்ணும்னா, காத்து குறைச்சல்னு தெரிஞ்சு தானே கொஞ்சம் கூடுதலா அமுக்கிப் பெரும்பகுதியை ஈடுகட்டிரும். அதுக்கு மேலயும் அதே பத்து சதவீதத்தைக் கூட்டினா? பேப்பர்ல குதிரை குட்டி போட்டிரும். பேனட்டைத் திறந்து வெச்சு, பெரிய ஃபேனைப் போட்டு, எஞ்சின் ஆறின பிறகு 'பின்னாடி' ஓட்டம் எடுத்தா இன்னும் ரெண்டு குட்டி. எல்லாக் கடையும் இப்படின்னு சொல்லலை. நேர்மையா அளக்கறவங்களும் இந்த ஊர்ல இருக்காங்க. ஆனா அந்தக் கிராஃபைப் பார்க்கும்போது இது திருத்தின எண்ணா, திருத்தாத எண்ணான்னு கேட்ட ஒரு ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

"கம்பெனிக்காரன் வேணும்னே பவரை ஒளிச்சு வெக்கறாங்ண்ணா. அதை நாம எடுத்துக்கறோம், அவ்வளவுதான்."

இந்த வாதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வாதம். ஏதோ ஃபேக்டரியில ஒரு கிழவி பானைக்குள்ள முப்பது குதிரையை மூடி வெச்ச மாதிரி. ஒளிச்சு வெக்கறது இல்லை தம்பி, மிச்சம் வெக்கறது. ராஜஸ்தான் வெயில்ல, ஏ.சி.யைப் போட்டுக்கிட்டு, அஞ்சு பேரோட, ஏதோ ஒரு ஊர் பங்க்ல போட்ட கலப்பட பெட்ரோலோட மலை ஏறினாலும் எஞ்சின் வெடிக்கக் கூடாது. பத்து வருஷம் ஓடணும். பி.எஸ்.6 புகை விதியைத் தாண்டணும். அதுக்காக வெச்ச இடைவெளி அது. பெட்ரோல் சரியில்லைன்னா எஞ்சின் 'டொக் டொக்'னு தட்டும், நாக்கிங். அதைக் கேக்கறதுக்குன்னு ஒரு சென்சார் காதை வெச்சுட்டு இருக்கு. தட்டினா இ.சி.யு. பொறியைத் தள்ளிப் போட்டு எஞ்சினைக் காப்பாத்தும், அப்பப் பவர் குறையும். உசத்தி பெட்ரோலுக்குன்னு எழுதின மேப்போட தர்மபுரி தாண்டி கிடைச்சதைப் போட்டீங்கன்னா, காசு கொடுத்து வாங்கின பவர் சத்தமில்லாம திரும்பப் போயிரும். அது போனாப் பரவாயில்லை. சின்ன டர்போ எஞ்சின்ல கம்மி ஆர்.பி.எம்.ல அதிக டார்க்கை வாங்கினா, பொறி தட்டறதுக்கு முன்னாடியே எரிபொருள் தானா பத்திக்கற வியாதி ஒண்ணு இருக்கு. சென்சார் கேட்டுச் சொல்றதுக்குள்ள பிஸ்டனையே உடைக்கக் கூடியது. கம்பெனிக்காரன் அந்தப் பக்கம் கவனமா ஒதுங்கிப் போறது அவன் கஞ்சன்கறதால இல்லை.

எஞ்சின் மட்டும் வண்டி இல்லையே. அதே ஸ்லாவியாவோட பெரிய 1.5 எஞ்சினைப் பாருங்க. 150 குதிரை, 250 நியூட்டன் மீட்டர். அதுக்கு வர்ற ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி டி.க்யூ.200, உலர் க்ளட்ச். அந்தப் பெட்டியோட தாங்கும் திறன் எவ்வளவு? 250 நியூட்டன் மீட்டர். பழைய ஆக்டேவியா 1.8-ம் இதே பெட்டியோட வந்தப்ப இதே 250-லதான் நின்னுச்சு. அந்த எஞ்சினுக்கு அதுக்கு மேல முடியாதுன்னு இல்லை. வெளிநாட்டுல ஈர க்ளட்ச் பெட்டியோட அதே 1.8 எஞ்சின் 280 கொடுத்துச்சு. பெட்டி எவ்வளவு தாங்குமோ அங்க கோடு போட்டாங்க. லேப்டாப்போட வர்றவர் அந்தக் கோட்டை அழிச்சு முன்னூறுன்னு எழுதிட்டுப் போயிருவார். பெட்டிக்குள்ள யார் போய்ச் சொல்றது?

நம்ம பாஷையில சொல்லணும்னா இது ப்ரொடக்‌ஷன்ல நேராப் போய் கை வெக்கற வேலை. டெஸ்ட் கிடையாது. ரிவ்யூ கிடையாது. சோர்ஸ் கோடு கிடையாது, பைனரியைத் திறந்து எண்ணை மாத்தறது. மாத்தினவர் வாட்ஸப் நம்பர்ல மட்டும் இருக்கார். ஆபீஸ்ல ஒரு வரி மாத்தறதுக்கு மூணு பேர் அப்ரூவல் கேட்டு உயிரை எடுக்கற அதே தம்பிதான் இதுக்கு ரெடியா நிக்கறான்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன்கறதால அவன் ஊர்க் கதையையே சொன்னேன். அந்த ஊருக்கு வண்டியைத் தொட்டு வேகமாக்கறது ரத்தத்துல ஊறினது. 80-கள்ல ஃபார்முலா மாருதி பண்ணின கரிவரதன் ஊர் அது. செட்டிப்பாளையத்துல 2003-ல திறந்த ட்ராக்குக்கு அவர் பேர்தான். அதே ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், ரேஸ் ஓட்டி வந்த ஆனந்தோட கம்பெனி, டாடா மோட்டார்ஸோட கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபர்ல ஒரு வண்டியைக் கொண்டு வந்தாங்க: டிகோர் ஜே.டி.பி. அன்றாடம் ஆபீஸ் போற சாதா செடானை வேகமாக்கினா என்ன ஆகும்கற கேள்விக்கு நம்ம நாட்டுல இதைவிட நேர்மையான பதில் வந்ததில்லைம்பேன். சாதா டிகோர் பெட்ரோல் 85 குதிரை. ஜே.டி.பி. 114. கிட்டத்தட்ட தம்பி கேக்கற அதே முப்பது குதிரை!

அந்த முப்பதுக்கு அவங்க என்னென்ன செஞ்சாங்கன்னு பாருங்க. எஞ்சினே வேற, நெக்ஸான்ல வந்த டர்போ வகை. கியர் விகிதத்தை மாத்தினாங்க. சஸ்பென்ஷனைத் திருத்தி, வண்டியை நாலு மில்லிமீட்டர் தாழ்த்தினாங்க. டயரை அகலப்படுத்தினாங்க. பேனட்ல காத்துக்கு ஓட்டை போட்டாங்க. இவ்வளவும் பண்ணிட்டு, நெக்ஸான்ல 170 நியூட்டன் மீட்டர் கொடுத்த டார்க்கை இதுல 150-லயே நிறுத்திட்டாங்க. ரேஸ் வண்டி கட்டின ஆளுங்க, எஞ்சின் கையில இருக்கு, டெஸ்ட் ட்ராக் இருக்கு, 'இது போதும்'னு அங்க நின்னாங்க. பெட்டியும் மத்த பாகங்களும் தாங்கணுமேன்னுதான் இருக்கும்னு நான் நினைக்கறேன். நம்ம ஆளு அரை மணி நேரத்துல லேப்டாப்போட முடிச்சிரலாம்கறார்.

விலை அப்ப டெல்லி எக்ஸ் ஷோரூம் ஏழரை லட்சத்துக்குப் பக்கம். அநியாய விலை இல்லை. ஓட்டினவங்க எல்லாம் பாராட்டினாங்க. வாங்கத்தான் ஆள் இல்லை. 2020-ல பி.எஸ்.6 வந்த சமயத்துல அதோட கதை முடிஞ்சுபோச்சு. வாரன்டியோட, கம்பெனியே கொடுத்த முப்பது குதிரையை வேண்டாம்னு சொன்ன ஊர் இது. இணையத்துல குதிரை குதிரைன்னு கனைக்கறவங்க அப்ப எங்க போனாங்கன்னு எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

சரி, எனக்கு என்ன தகுதி இதெல்லாம் பேச? கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்தறேன்.

நானும் பண்ணினவன்தான். 2022 கடைசியில. டர்போ பெட்ரோல் செடான், எந்தக் கம்பெனின்னு எதுக்கு. கடை எதுன்னும் கேக்காதீங்க. முப்பத்திரெண்டாயிரம் ரூபாய், தங்கமணிக்குத் தெரியாம, போனஸ்ல இருந்து. முதல் மாசம் சொர்க்கம். ராத்திரி பத்து மணிக்கு மேம்பாலத்துல மூணாவது கியர்ல மிதிச்சா முதுகை சீட்டோட தள்ளும் பாருங்க, அன்னிக்கு முழுக்க மேனேஜர்கிட்ட வாங்கின திட்டு எல்லாம் பின்னாடி போயிரும். அந்தச் சந்தோஷத்தை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஊரை விட்டு வந்து, ஒரு க்யூபிகிள்ல உட்கார்ந்து, யாரோ சொன்னதை யாருக்கோ செஞ்சு கொடுக்கற பொழப்புல, என் காலுக்குக் கீழ நான் சொன்ன உடனே கேக்கற ஒரே ஒரு விஷயம் அதுதானோன்னு அப்ப தோணும். பசங்க எதுக்கு இதுல விழறாங்கன்னு எனக்குப் புரியாம இல்லை.

மைலேஜ் கூடும்னாங்க. கூடலை. சீரா ஓடும்போது பெட்ரோலும் காத்தும் என்ன விகிதத்துல கலக்கணுமோ அதே விகிதத்துலதான் ரீமேப்புக்கு அப்புறமும் கலக்குது, எங்க இருந்து கூடும்? மிதிக்க ஆசை வந்ததால லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைஞ்சதுதான் மிச்சம்.

பதினோராவது மாசம் க்ளட்ச் வழுக்க ஆரம்பிச்சுது. மிதிச்சா ஆர்.பி.எம். ஏறும், வண்டி ஏறாது. வாரன்டி பாக்கி இருக்குன்னு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். சாக்கெட்ல அவங்க கம்ப்யூட்டரைச் சொருகினாங்க. சில கம்பெனி வண்டியில இ.சி.யு.வை எத்தனை தடவை திரும்ப எழுதியிருக்குன்னு எண்ணிக்கை உள்ளேயே இருக்கும், இல்லைன்னா இருக்கற மென்பொருள் தன்னோடதுதானான்னு கம்பெனி சர்வரோட ஒப்பிட்டுப் பார்க்கும். 'பழையபடி மாத்திட்டு சர்வீஸுக்கு விடுங்க, கண்டுபிடிக்கவே முடியாது'ன்னு கடையில சொன்னதை நானும் நம்பியிருந்தேன். சர்வீஸ் அட்வைசர் என்னைவிடச் சின்னப் பையன், மரியாதையா, "சார், ஏதாவது மாத்தினீங்களா?"ன்னு கன்னடத்துல கேட்டார். இல்லைன்னு சொன்னேன். அவர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கட்டினேன். கோபப்படறதுக்கு யாருமே இல்லை அங்க, நான்தான் பொய் சொன்னவன்.

இதுக்கு மேலதான் தோப்பூர்.

அந்தப் பொங்கலுக்கு அப்பாவைக் கூட்டிட்டு மதுரைக்குப் போயிட்டு இருந்தோம். அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி. தர்மபுரி தாண்டி சேலத்துக்கு முன்னாடி தோப்பூர் கணவாய் இறக்கம். அந்த ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும், பிரேக் சூடாகி லாரிகள் கட்டுப்பாடு இழந்து வந்து எத்தனை குடும்பத்தை நசுக்கின இடம்னு. நான் மேட்டுல ரெண்டு லாரியைச் சுளுவா தாண்டின தெம்புல அதே வேகத்தோட இறக்கத்துல இறங்கினேன். வளைவுல வேகமானியைப் பார்த்தா 120. முன்னாடி ஒரு சிமெண்ட் லாரி இடது பக்கம் ஊர்ந்துட்டு இருக்கு, அதைத் தாண்ட இன்னொரு லாரி வலது பக்கம் வந்துருச்சு. பிரேக்கை மிதிச்சேன். வண்டி நிக்கற மாதிரிதான் தெரிஞ்சுது, ஆனா நிக்கலை. பெடல் மெத்து மெத்துன்னு உள்ள போகுது. எஞ்சினுக்கு முப்பத்திரெண்டாயிரம் செலவு பண்ணினவன், பிரேக் ஆயிலை மூணு வருஷமா மாத்தலை. 85-ல உரசி நிக்க வேண்டிய பிரேக்கை 120-ல கேட்டா, அது தின்ன வேண்டிய சக்தி ஒண்ணரை மடங்கு இல்லை, ரெண்டு மடங்கு. வேகத்தோட வர்க்கம். பத்தாம் கிளாஸ் பாடம்.

லாரிக்கு ஒரு கார் நீளம் இருக்கும்போது வேகம் சேர்ந்துச்சு. ஒண்ணும் ஆகலை. பின் சீட்ல என் பொண்ணு தூங்கிட்டு இருந்தா, முழிக்கக்கூட இல்லை. தங்கமணி என் தோளைப் பிடிச்ச பிடி ரெண்டு நாள் வலிச்சுது. அப்பா பக்கத்து சீட்ல டேஷ்போர்டுல கையை ஊணிக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம வந்தார். ஓமலூர் தாண்டினதும், "ஏண்டா, யாருக்குடா காட்டுற?"ன்னு மட்டும் கேட்டார். முப்பத்தி மூணு வருஷம் அரசு பஸ் ஓட்டினவர். கேள்வி கேட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

சட்டத்தைப் பத்தியும் தம்பிக்குச் சொன்னேன், சிரிச்சான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அஞ்சாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, இல்லை ரெண்டும். சாஃப்ட்வேர்ல எண் மாத்தறது இதுல வருமா வராதான்னு வக்கீலுங்க பட்டிமன்றம் போடலாம். பி.யு.சி.காரனுக்குத் தெரியாது, போலீஸ்காரருக்குத் தெரியாது, உண்மைதான். ஆனா பெரிசா ஏதாவது ஆனா வர்றவர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். அவர்கிட்ட சொல்லாம செஞ்ச மாற்றத்தை அவர் கண்டுபிடிச்சார்னா க்ளெய்மை மறுக்க அதைவிட நல்ல காரணம் அவருக்குத் தேவை இல்லை. எதிர்ல வந்தவனுக்குக் கை கால் போயிருந்தா அந்தப் பட்டிமன்றத்துல நீங்கதான் நிக்கணும், உங்க ஏழு வருஷ இ.எம்.ஐ.யோட.

அப்ப யாருமே பண்ணக் கூடாதான்னா, நான் அவ்வளவு சாமியார் இல்லை. வாரன்டி முடிஞ்ச வண்டி, வீட்டுல வேற வண்டி இருக்கு, உடைஞ்சா சொந்தக் காசுல சரி பண்ற வசதி இருக்கு, வருஷத்துக்கு நாலு தடவை செட்டிப்பாளையத்துக்கோ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கோ கொண்டு போய் ஓட்டறீங்க, முதல்ல பிரேக்கும் டயரும் மாத்திட்டீங்க. அப்படிப்பட்டவங்க தாராளமா பண்ணுங்க, பார்க்கவே ஆசையா இருக்கும், நானும் வந்து வேடிக்கை பார்க்கறேன். நான் பேசறது தினம் பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு ஆபீஸ் போற, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போற, ஒரே ஒரு வண்டி உள்ள ஆளைப் பத்தி. அந்த வண்டிக்கு அதே முப்பத்தஞ்சாயிரத்துல நாலு நல்ல டயர், புது பிரேக் பேட், பிரேக் ஆயில், அலைன்மென்ட் எல்லாம் முடிஞ்சு, வழியில சேலத்துல குடும்பத்தோட சாப்பிடவும் காசு இருக்கும். வேகம் கூடாது. ஆனா தோப்பூர்ல நிக்கும்.

நான் கடையில போய்ப் பழைய மேப்பையே திரும்பப் போட்டுக்கிட்டேன். அதுக்கும் ரெண்டாயிரம் வாங்கினாங்க.

இதை எழுதி முடிக்கற நேரத்துல தம்பிகிட்ட இருந்து மெசேஜ். வர்ற சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்லாட் புக் பண்ணிட்டானாம். அட்வான்ஸ் அஞ்சாயிரம் கட்டியாச்சாம், கேன்சல் பண்ணினா திரும்ப வராதாம். "காசு போயிருமுங்ண்ணா, அதான் யோசனை"ன்னு எழுதியிருக்கான். அந்த அஞ்சாயிரத்தை நான் தர்றேன், கேன்சல் பண்ணுடான்னு பதில் போட்டிருக்கேன். ரெண்டு நீல டிக் வந்துருச்சு. பதில் இன்னும் வரலை.